ஃபேன் சத்தம்

ஐஸ் பெட்டியின் ஒயர் ப்ளக்குக்கு எட்டவில்லை. முப்பது வருஷம் கம்பம் ஏறி ஊருக்கே கரண்ட் கொடுத்த லைன்மேன் இராமலிங்கத்துக்கு, அவர் வீட்டுக் கூடத்திலேயே இரண்டு முழ ஒயர் பற்றாக்குறை. கூட வேலை பார்த்த ராஜா எங்கிருந்தோ ஒரு எக்ஸ்டென்ஷன் பெட்டி கொண்டுவந்து மாட்டியதும் ஐஸ் பெட்டி உறுமத் தொடங்கியது. அப்பாவின் கால்மாட்டில் உட்கார்ந்திருந்த கீர்த்தனா அந்த உறுமலையே கேட்டுக்கொண்டிருந்தாள். ரெகார்டிங் நேரமாக இருந்தால் முதல் வேலையாக அதை அணைத்திருப்பாள்.

நேற்று சாயங்காலம் டீ டம்ளரைக் கீழே வைக்கக் குனிந்தவர் நிமிரவே இல்லை. புனேயிலிருந்து தம்பி பாலாஜி வந்துசேர மூன்று மணி ஆகும். அதுவரை எடுக்க முடியாது. அடி அண்ணாமலை ஊர்ச் சனம் மாலை போட்டுவிட்டு வெளியே ஷாமியானா நிழலில் உட்கார்ந்திருந்தது.

அம்மா உண்ணாமலை மட்டும் அழவில்லை. சுவரில் சாய்ந்தபடி, வருகிறவர்களுக்கெல்லாம் தலையாட்டிக்கொண்டிருந்தாள். அப்பாவின் அக்கா ஆதிலட்சுமிக்கு அது பொறுக்கவில்லை. சாவு வீட்டில் யார் எப்போது அழ வேண்டும் என்பதில் அத்தை கறாரானவள். இரண்டு முறை அம்மாவைக் கட்டிக்கொண்டு ஒப்பாரி வைத்துப் பார்த்தாள். அம்மாவோ, அத்தைக்குத் தண்ணீர் கொடுக்கச் சொன்னாள். அத்தை கீர்த்தனாவிடம் திரும்பினாள்.

"மனசுலயே வச்சிக்கினா ஆகாது கீர்த்தி. போன்ல உங்கப்பன் பேசுனத வச்சிருக்கியே, அதப் போடு. குரலக் கேட்டா அழுதுடுவா."

ரிட்டயர் ஆனபிறகு வீட்டில் இருப்புக் கொள்ளாமல் தவித்த மனிதரைப் பிடித்து உட்காரவைக்க கீர்த்தனா ஆரம்பித்ததுதான் அந்த பாட்காஸ்ட். பெயர், 'கரண்ட் எப்ப வரும்?' அவர் வாழ்க்கையில் அதிகம் கேட்ட கேள்வி அதுதான். புயலில் சாய்ந்த கம்பம், பௌர்ணமிக் கூட்டம் கிரிவலம் போகும்போது வெடித்த ட்ரான்ஸ்பார்மர் என்று நாற்பத்தோரு கதைகள் சொல்லியிருந்தார்.

பட்டுத் தெரிந்துகொண்ட பாடங்களை அவள் பழைய காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதிச் சுவரில் ஒட்டியிருந்தாள். ஃபேனை அணை. ஜன்னலுக்குப் போர்வை கட்டு. சனிக்கிழமை தவறாதே. எல்லாவற்றுக்கும் கீழே, இரண்டு கோடு போட்டு, வெட்டு. அப்பா வாயைத் திறந்தால் முதலில் 'அது வந்து' என்பார். பிறகு நீளமாக ஒரு மூச்சு. நடுநடுவே சமையலறைப் பக்கம் திரும்பி, அந்தப் புயல் எந்த வருஷம் என்று அம்மாவைக் கேட்பார். களை எடுப்பதுபோல எல்லாவற்றையும் எடுத்தால் நாற்பது நிமிஷம் பதினெட்டாகும். போனில் இடம் போதாமல் மூலத்தை அன்றன்றே அழித்துவிடுவாள். அம்மா ஒருநாளும் கேட்டதில்லை. நேரில் கேட்பது பத்தாதா என்பாள்.

இருப்பதிலேயே நல்லதை, மூவாயிரம் பேர் கேட்ட ட்ரான்ஸ்பார்மர் கதையை, கீர்த்தனா போட்டாள். அப்பாவின் குரல் தட்டுத் தடங்கல் இல்லாமல் ஓடியது. அத்தை உடைந்து அழுதாள். வெளியே இருந்த ஆண்கள் ஜன்னலுக்கு வந்தார்கள். அம்மா இரண்டு நிமிஷம் கேட்டாள்.

"யாரு இது?"

"அப்பாதாம்மா."

"உங்கப்பா எங்க இவ்ளோ வேகமா பேசுவாரு? நடுவுல ஒருவாட்டி கூட என்னக் கூப்பிடலையே."

கீர்த்தனா போனை நிறுத்தினாள்.

"கூப்பிட்டாரும்மா. நாந்தான் வெட்டிட்டேன்."

"வெட்டுனத எங்க வச்சிருக்க?"

எங்கும் இல்லை. அதை எப்படிச் சொல்வது? இத்தனை சனிக்கிழமை தன் விரலாலேயே அம்மாவை அப்பாவின் வாயிலிருந்து எடுத்துப் போட்டிருக்கிறோம் என்று நினைத்தபோது, நேற்றிலிருந்து வராத அளவுக்கு அவளுக்கு அழுகை வந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு போனில் பட்டியலைக் கீழே, கீழே தள்ளினாள். கடைசியில் முதல் எபிசோட் இருந்தது. வெட்டவே தெரியாத நாளில் அப்படியே ஏற்றியது. ஃபேன் சத்தம்தான் கேட்கிறது, பேச்சு கேட்கவில்லை என்று யாரோ எழுதியதைப் பார்த்து, வெட்கப்பட்டு, யார் கண்ணிலும் படாமல் ஒளித்து வைத்திருந்தாள்.

அதைப் போட்டாள். கடகடவென்று ஒரே இரைச்சல். அத்தை முகம் சுளித்தாள். இரைச்சலுக்குள்ளிருந்து, "அது வந்து..." என்றார் அப்பா. பிறகு அந்த மூச்சு.

அம்மாவின் முதுகு சுவரை விட்டு வந்தது.

"உண்ணாமல, அந்த ஃபேன கொஞ்சம் கம்மி பண்ணிட்டுப் போயேன். பொண்ணு கத்துறா."

போனுக்குள், தூரத்தில் சமையலறையிலிருந்து அம்மாவின் குரல்: "என் கையெல்லாம் மாவு. நீங்களே எழுந்து பண்ணிக்கங்க."

அப்பா சிரித்தார். எழுந்திருக்கவில்லை. ஃபேன் பாட்டுக்கு ஓட, கதையை ஆரம்பித்தார்.

அம்மா எழுந்தாள். முந்தானையில் இரண்டு கையையும் நன்றாகத் துடைத்துக்கொண்டாள். ஐஸ் பெட்டியைச் சுற்றிக்கொண்டு போய், சுவரில் இருந்த ஃபேன் ரெகுலேட்டரை ஐந்திலிருந்து இரண்டுக்குத் திருப்பினாள். திரும்பி வந்து, பழைய இடத்தில் உட்காராமல், அப்பாவின் தலைமாட்டில் உட்கார்ந்தாள்.

கூடத்தில் வெக்கை ஏறியது. ஃபேனைக் கூட்ட யாரும் எழுந்திருக்கவில்லை.