பதினைந்து எம்பிக்குள் அம்மா

1

இந்தக் கதை என்னுடையதல்ல, என் நாத்தனாருடையது. சாப்பாட்டு மேசையில் பட்டாணி உரித்துக்கொண்டே சொன்னாள். எழுதட்டுமா என்று கேட்டேன்.

"எழுதுங்க அண்ணி. என்னைப் பெரிய ஆளாக் காட்டாதீங்க, அது போதும்."

அன்று மழை கொட்டிக்கொண்டிருந்தது. ஜன்னல் கம்பிகளில்

(இதுவரை எழுதிப் படித்துக் காட்டினேன். "மழை வேண்டாம் அண்ணி. ஒவ்வொரு துளியும் அசையும், ஃபைல் வீங்கிடும்" என்றாள். ஆகவே இந்தக் கதையில் மழை இல்லை.)

2

நாத்தனாரின் வேலை, பெரிய வீடியோக்களை ஃபோனில் ஓடும் அளவுக்குச் சுருக்குவது. அசையாததை ஒரு தடவை வைத்துக்கொண்டால் போதுமாம். அசைவதற்குத்தான் திரும்பத் திரும்ப இடம் வேண்டும். சுவர் மலிவு. இலையும் தண்ணீரும் கூட்டமும் விலை அதிகம். ஃபைலை ரொம்பக் குறைத்தால் படம் கலங்கும், படத்தைத் தெளிவாக வைத்தால் ஃபைல் பெருக்கும். நடுவில் எங்கே நிறுத்துவது என்று தெரிந்திருப்பதற்குத்தான் அவளுக்குச் சம்பளம்.

3

மேல்மாடியில் குடியிருந்த பெண் ஒருநாள் ஃபோனோடு இறங்கி வந்தாள். அவளுடைய அம்மாவுக்குப் பிறவியிலிருந்தே காது கேட்காது. கையால்தான் பேசுவார். வியாழக்கிழமை இதய ஆபரேஷன். அவள் தம்பி சரக்குக் கப்பலில் இன்ஜினியர். அடுத்த துறைமுகத்தில் இறங்கி வந்தே தீருவேன் என்று நிற்கிறான். பாதியில் இறங்கினால் கம்பெனி மறுபடி சேர்க்காது. வராதே என்று சொல்லி அம்மா நான்கு நிமிட வீடியோ எடுத்திருக்கிறார். கப்பலின் மெயில் பதினைந்து எம்பிக்கு மேல் வாங்காது.

(எம்.பி. என்று புள்ளி வைத்தால் பாராளுமன்றத்துக்குப் போய்விடுகிறது. எடுத்துவிட்டேன்.)

"எழுதி அனுப்பிடலாமே?" என்றாள் நாத்தனார்.

"எழுதியாச்சு. நான் மழுப்புறேன்னு சொல்றான். அம்மா கையைப் பார்த்தாதான் நம்புவான்."

4

முதல் தடவை சுருக்கியதில் விரல்கள் கூழாகிவிட்டன. அம்மாவுக்குப் பின்னால் பூப்போட்ட திரைச்சீலை ஒன்று ஃபேன் காற்றில் ஆடிக்கொண்டே இருந்தது. "அம்மாவுக்குப் போகவேண்டியதை எல்லாம் அது தின்னுட்டிருந்துச்சு அண்ணி." அதை அசையாமல் உறைய வைத்தாள். யாரும் பேசவில்லையே என்று சத்தத்தையும் எடுத்துவிட்டாள்.

பார்த்த மகள் சொன்னாள்: "சத்தம் வரலையே."

"அம்மா பேச மாட்டாங்கன்னு..."

"பேச மாட்டாங்க. தம்பியைக் கூப்பிடும்போது மட்டும் ஒரு சத்தம் வரும். வருதுன்னு அவங்களுக்கே தெரியாது. எங்க வீட்ல அதுதான் அவன் பேரு."

(அந்தச் சத்தத்தை எழுத்தில் கொண்டுவரப் பார்த்தேன். 'ஆவ்' என்றால் கொட்டாவி. 'ம்பா' என்றால் கன்றுக்குட்டி. விட்டுவிட்டேன்.)

அந்தச் சத்தம் வரும் ஒரு நொடியை மட்டும் நாத்தனார் திரும்ப வைத்தாள். மிச்ச இடமெல்லாம் விரல்களுக்கு.

5

எனக்குச் சந்தேகம் வந்தது இங்கேதான். சுருக்கும்போது முதலில் காணாமல் போவது சின்னச் சின்ன அசைவுகள்தானாம். இப்போது அவை போகவில்லை. 'வராதே' என்று சொல்லும் இடத்தில் அம்மாவின் வலது கைவிரல்கள் லேசாக நடுங்குவது அப்படியே தெரிந்தது. அதைக் கண்ட நாத்தனார், அனுப்பலாமா கூடாதா என்று தவித்ததாக ஒரு பத்தி எழுதியிருந்தேன்.

"நான் கவனிக்கவே இல்ல அண்ணி. விரல் விளிம்பு கலங்காம சுத்தமா இருக்கான்னுதான் பார்த்தேன்."

பத்தியை அடித்துவிட்டேன். நல்ல பத்தி.

6

பதில் வந்தது: "அம்மாவுக்கு விரல் நடுங்குது. பயப்படுறாங்க. நான் இறங்குறேன்."

இதற்கு மூன்று முடிவுகள் எழுதிப் பார்த்தேன். அவன் நேரத்துக்கு வந்துவிடுகிறான். வர முடியாமலே போகிறது. மூன்றாவதில், நடுக்கம் பயத்தால் அல்ல, மாத்திரையால் என்று டாக்டர்

நடந்தது இவ்வளவுதான்: ஆபரேஷன் முடிந்து, அம்மா கண் விழித்த பிறகுதான் வந்து சேர்ந்தான். வேலை போனது. அம்மா படுத்தபடியே இரண்டு கையாலும் திட்டினார். நடுக்கம் ஏன் வந்தது என்று யாரும் கேட்கவில்லை.

7

ஆனால் கதை அதற்கு முன்பே, ஆபரேஷனுக்கு முந்தின நாள், ஆஸ்பத்திரி அறையில் நின்றுவிட்டது. பார்க்கப் போன நாத்தனார் கட்டில் பக்கத்தில் இருந்தாள். அம்மா புருவத்தை உயர்த்தி மகளைக் கேட்டார்: என்ன சொன்னான்? மகள் ஃபோனைப் பையில் போட்டுவிட்டுக் கைகளை உயர்த்தினாள்.

"என்னன்னு சொன்னா?" என்று கேட்டேன்.

"எனக்கு அந்த பாஷை தெரியாதே அண்ணி. ரெண்டடி தூரத்துல, ஒவ்வொரு விரலும் தெளிவாத் தெரிஞ்சுது. ஒண்ணும் புரியல."

"அம்மா?"

"பார்த்தாங்க. தலையாட்டினாங்க. திரும்பிப் படுத்துட்டாங்க."

இறங்கிவிட்டான் என்றாளா, வரமாட்டான், நிம்மதியாகத் தூங்கு என்றாளா? மகளைக் கேட்டுச் சொல்லும்படி நாத்தனாரிடம் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அந்தக் கைகள் இன்னும் மேலேதான் இருக்கின்றன. நீங்கள் பேச வையுங்கள்.