ஏறியவர், இறங்கியவர், உட்கார்ந்திருந்தவர்

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை எனக்குத் தோன்றியது அல்ல. ஒரு பெண் என்னிடம் ஒரு கடிதம் கேட்டாள். ஒரே ஒரு பக்கம், அடியில் என் கையெழுத்து. அதை எழுத உட்கார்ந்தேன். கடிதம் வரவில்லை, கதை வந்து தொலைத்தது. எனக்கு எப்போதுமே இப்படித்தான்.

நான் எழுத்தாளன். அதாவது, கணக்கெடுப்பு வேலைக்குப் போய் வயிற்றைக் கழுவுகிறவன். எந்தச் சாலையில் எத்தனை வண்டி போகிறது, எந்தக் கடைக்குள் எத்தனை பேர் நுழைகிறார்கள் என்று எண்ணிக் கொடுக்கும் ஒரு கம்பெனி. போன வருடம் ஒரு சின்ன ரயில் நிலையத்துக்கு அனுப்பினார்கள். இனிமேல் அங்கே வண்டி நிற்க வேண்டுமா வேண்டாமா என்பதை முடிவு செய்ய நான்கு ஞாயிறும் நான்கு புதனும் ஆள் எண்ண வேண்டும். கையில் அட்டை, அட்டையில் தாள், தாளில் இரண்டே பத்தி. ஏறியவர். இறங்கியவர்.

2

தொடக்கங்கள் மூன்று எழுதினேன். அப்படியே விட்டுவைக்கிறேன், பாருங்கள்.

"அதிகாலைப் பனியில் நிலையம் மெல்லக் கண்விழித்தது." (நிலையத்துக்கு ஏது கண்? அடித்துவிட்டேன்.)

"ரயில் நிலையம் என்பது வெறும் கட்டிடம் அல்ல, அது ஒரு சமூகத்தின்" (இதயம் என்று முடிக்கப் போனேன். பின்னால் நின்று படித்துக்கொண்டிருந்த என் மனைவி, "பள்ளிக்கூடக் கட்டுரை. பத்துக்கு ஆறு போடலாம்" என்று சொல்லிவிட்டு அடுப்பைப் பார்க்கப் போனாள்.)

"அன்றைக்கு அவளை வண்டியில் ஏறச் சொன்னது" (இதைத்தான் முடிக்க முடியவில்லை. பிறகு வருகிறேன்.)

3

கொஞ்சம் கட்டுரை மாதிரி பேசப்போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அந்த நிலையத்தில் ஏறுகிறவர்கள் குறைவு. ஒரு வண்டிக்கு மூன்று பேர், நான்கு பேர். ஆனால் அங்கே கூட்டத்துக்குப் பஞ்சமே இல்லை. தண்டவாளத்துக்கு இந்தப் பக்கம் வீடுகள், அந்தப் பக்கம் ஆஸ்பத்திரியும் சந்தையும். நடைமேம்பாலம்தான் வழி. முழங்கால் ஆபரேஷன் ஆனவர்கள் நடைமேடையில் நடந்து பழகுவார்கள், ஊரிலேயே மேடு பள்ளம் இல்லாத தரை அது ஒன்றுதான். ஓய்வுபெற்ற தபால்காரர் காலையில் வந்து பேப்பரைச் சத்தமாக வாசிப்பார், கண் தெரியாத அவர் நண்பர் கேட்பார், இரண்டு பேரும் அரசியல் பேசிச் சண்டை போட்டுக்கொண்டு வேறு வேறு வாசல் வழியாகப் போவார்கள். மறுநாள் மறுபடி வருவார்கள். ஆஸ்பத்திரி வார்டில் சேர்த்திருப்பவர்களின் சொந்தக்காரர்கள் காத்திருப்பு அறையில் வந்து முதுகை நீட்டுவார்கள். வீட்டில் அழ முடியாதவர்கள் கூட வருவார்கள். நிலையத்தில் அழுகிறவரை யாரும் என்ன ஏது என்று கேட்பதில்லை, யாரையோ வழியனுப்ப வந்திருக்கிறார் என்று விட்டுவிடுவார்கள்.

முதல் நாளே என் சூப்பர்வைசருக்குப் போன் போட்டேன்.

"சார், இங்க சும்மா வந்து உக்காந்திருக்கிறவங்க நெறையப் பேரு. அவங்கள எங்க எழுதறது?"

"உக்காந்திருக்கிறவன் பயணியாய்யா?"

"இல்ல சார், ஆனா..."

"ஆனா ஆவன்னா எல்லாம் உன் கதையில வெச்சுக்கோ. தாள்ல ரெண்டு பத்திதான்."

வைத்துவிட்டார். நானும் விட்டுவிட்டேன்.

4

இனி அவள்.

முதல் பிரதியில் அவளை மெலிந்தவளாக, பேசாதவளாக, ஜன்னலையே பார்த்துக்கொண்டிருப்பவளாக எழுதியிருந்தேன். சுத்தப் பொய். துன்பப்படுகிற பெண் என்றால் இளைத்திருக்க வேண்டும் என்று எனக்கு யார் சொன்னது? அவள் நல்ல தாட்டியான உடம்புக்காரி. சிரித்தால் நடைமேடை முழுக்கக் கேட்கும். சட்டைக் கம்பெனியில் காலர் வைத்துத் தைக்கிறவள். ஒரு நாளைக்கு முந்நூறு காலர். அதனால் எதிரில் யார் வந்தாலும் முதலில் கழுத்தைத்தான் பார்ப்பாள். என்னிடம் அவள் பேசிய முதல் வார்த்தையே, "சார், உங்க காலர் வலது பக்கம் இழுக்குது" என்பதுதான்.

அவளுக்கு ஏழு வயதில் ஒரு பெண். குழந்தை அப்பாவிடம் இருக்கிறது. குடும்ப கோர்ட்டு, ஞாயிற்றுக்கிழமை பத்து மணி முதல் பன்னிரண்டு வரை அம்மா பார்க்கலாம் என்று உத்தரவு போட்டிருந்தது. இடம், நிலையத்தின் காத்திருப்பு அறை. இரண்டு வீட்டாருக்கும் பொதுவான, நாலு பேர் நடமாடுகிற இடம். அப்பா குழந்தையை வாசலில் விட்டுவிட்டு மேம்பாலத்தின் மேல் போய் நின்றுகொள்வார். பன்னிரண்டு அடித்ததும் இறங்கி வருவார்.*

*இவரைக் கெட்டவராக எழுதினால் எனக்கு வசதி. ஆனால் குழந்தையின் ஷூ லேஸை இரண்டு முடிச்சாகக் கட்டிவிடுகிற மனுஷன் அவர். அவருக்கும் ஏதோ பயம் இருந்தது.

அந்த இரண்டு மணி நேரத்தில் அவள் செய்ததெல்லாம் சாதாரணம். நகம் வெட்டுவாள். தலையைப் பிரித்து மறுபடி பின்னுவாள். "இந்த வாரம் எந்தப் பல்லுடி ஆடுது, காட்டு" என்பாள். வாய்ப்பாடு கேட்பாள், தப்பாகச் சொன்னால் அதட்டுவாள், அதட்டிவிட்டு உடனே கட்டிக்கொள்வாள். ஒரு வாரத்துக்கான அம்மாவை இரண்டு மணி நேரத்தில் செய்தாக வேண்டுமே.

5

நான்காவது ஞாயிறு. அன்றைக்குத்தான் நான் என்ன எழுதுகிறேன் என்று கேட்டாள். சொன்னேன். ஆள் குறைவு, நிறுத்தத்தை எடுத்துவிடுவார்கள் போல, நிலையத்தைப் பூட்டிவிடுவார்கள் என்றேன்.

அவள் முகம் மாறிவிட்டது. "அப்போ இந்த ரூமு?"

"அதையும்தான் பூட்டுவாங்க."

"எங்க ரெண்டு பேரையும் எழுதிக்கோங்க சார். வாரா வாரம் வர்றோமே."

"நீங்க ஏறலையே, இறங்கலையே. ஏறினாத்தாம்மா எழுத முடியும்."

விளையாட்டாகத்தான் சொன்னேன். (விளையாட்டாகத்தானா? அலுப்பில் சொன்னேன். வெயில், பசி, எட்டாவது நாள். விளையாட்டு என்று எழுதினால் கொஞ்சம் நல்லவனாகத் தெரிகிறேன்.)

பதினொன்று இருபது வண்டி வந்தது. ஒரு நிமிஷம் நிற்கும். நடைமேடையில் டீக்கடை வைத்திருந்த அக்கா, "போடி, ஏறு! அந்தக் கதவுல ஏறி இந்தக் கதவுல இறங்கிடு, ரெண்டு பத்தியிலயும் விழும்!" என்று கத்தினாள். காலர் தைக்கிறவள் குழந்தையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு ஓடினாள். ஏறினாள்.

"அம்மா, நாம எங்கம்மா போறோம்?"

"எங்கயும் இல்லடா கண்ணு. சார் நம்மள எழுதணும்ல, அதுக்குத்தான்."

அடுத்த கதவு வழியாக இறங்கி, மூச்சு வாங்க என் முன்னால் வந்து நின்றாள். அவ்வளவு சந்தோஷமாக ஒருவரை நான் பார்த்ததில்லை. "எழுதுங்க சார். ஏறினது ரெண்டு, இறங்கினது ரெண்டு."

எழுதினேன். அவள் பார்க்கத்தான் எழுதினேன்.

மேம்பாலத்தின் மேலிருந்து பார்த்தவருக்கு அவள் ஏறியது தெரிந்தது. இறங்கிய கதவு கூரைக்கு அடியில் இருந்தது. வண்டி நகர்ந்தபோது ஒரு அலறல் கேட்டது. அவர் படிகளில் விழுந்து எழுந்து ஓடிவந்தார். குழந்தை நடைமேடையில் நிற்பதைப் பார்த்ததும் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். அப்புறம் எழுந்து, குழந்தையைத் தூக்கிக்கொண்டு போனார். மணி பதினொன்று இருபத்தைந்து. இன்னும் முப்பத்தைந்து நிமிஷம் பாக்கி இருந்தது.

சாயங்காலம் தாளைச் சரிபார்க்கும்போது அதன் பின்பக்கத்தில் இருந்த விதி நான்கைப் படித்தேன். ஏறிய நிறுத்தத்திலேயே இறங்கியவர் பயணி அல்லர். இரண்டு இடத்திலும் இரண்டைக் கழித்தேன். நல்ல அழுத்தமான கோடு.

6

நிறுத்தத்தை எடுத்துவிட்டார்கள். அறைக்குப் பூட்டு, மேம்பாலத்தின் இரு முனையிலும் தகரம். ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்கள் இப்போது தண்டவாளத்தைத் தாண்டித்தான் போகிறார்கள். தபால்காரரும் நண்பரும் எங்கே சண்டை போடுகிறார்கள் என்று தெரியவில்லை. இதை வைத்தே ஒரு கதையை முடித்துவிடலாம். என்னைப் போன்றவர்கள் அப்படித்தான் முடிப்போம்.

ஆனால் குழந்தையின் அப்பா கோர்ட்டில் மனு போட்டிருந்தார். அம்மா குழந்தையை ரயிலில் ஏற்றிக் கடத்தப் பார்த்தாள் என்று. குழந்தையைக் கேட்டார்கள். "ஆமா, அம்மா என்னை ரயில்ல ஏத்துனாங்க" என்றது. குழந்தை பொய் சொல்லவில்லையே.

அவள் என் வீட்டைத் தேடி வந்தாள். வாசலிலேயே நின்றாள். என் மனைவி உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"எதுக்கு ஏறினன்னு கேக்கறாங்க சார். எண்ணுறதுக்காக ஏறினேன்னு சொன்னா சிரிக்கிறாங்க. எங்க வக்கீலே நம்பல. நீங்க சொன்னதச் சொன்னீங்கன்னு ஒரு லெட்டர் குடுத்தாப் போதும். பதினொன்னாம் தேதி வாய்தா. நீங்க நேர்ல வந்தா இன்னும் நல்லது."

டீக்கடை அக்கா வந்து சொல்ல மாட்டாளா என்று கேட்டேன். கடை போனதும் அவள் மகன் வீட்டுக்குப் போய்விட்டாளாம், எந்த ஊர் என்றே தெரியவில்லையாம்.

"வர்றேம்மா, கண்டிப்பா வர்றேன்" என்றேன்.

7

சூப்பர்வைசரிடம் சொன்னேன். (ஏன் சொன்னேன்? யாராவது வேண்டாம் என்று சொல்லட்டும் என்றுதான்.)

"யோவ், எண்ணப் போனவனே ஆளை ஏறச் சொன்னான்னு எழுதிக் குடுத்தா மொத்த ரிப்போர்ட்டும் குப்பை. உனக்கும் வேல போச்சு, எனக்கும் போச்சு. எனக்கு மூணு புள்ளைங்கய்யா."*

*ரிப்போர்ட் குப்பைக்குப் போயிருந்தால் நிலையத்தைத் திறந்திருக்கக் கூடும். இது எனக்கு உறைத்தது இந்த வரியை எழுதும்போதுதான். உண்மையிலேயே இப்போதுதான்.

அன்று இரவு கடிதம் எழுத உட்கார்ந்தேன். "மதிப்பிற்குரிய ஐயா, நான் மேற்படி நாளன்று" வரைக்கும் வந்தது. நடை சரியில்லை என்று தோன்றியது. அவள் சிரிப்பைப் பற்றி ஒரு வரி சேர்த்தேன். அந்த ஒரு வரி பத்து வரி ஆனது.

மனைவி கேட்டாள், "ஏங்க, கதைய முடிச்சிட்டு லெட்டர் எழுதுவீங்களா? இல்ல, லெட்டருக்குப் பதிலாத்தான் கதையா?"

"இரும்மா, எழுதிட்டிருக்கேன்ல" என்று எரிந்து விழுந்தேன்.

8

முடிவுகள்.

ஒன்று. நான் கோர்ட்டுக்குப் போகிறேன். தாளைக் காட்டுகிறேன். நான் போட்ட கோட்டுக்கு அடியில் இரண்டு என்ற எண் தெரிகிறது. நீதிபதி அதை வெளிச்சத்தில் தூக்கிப் பார்க்கிறார். அப்பா தலையைக் குனிந்து, "எனக்கு இறங்கினது தெரியலைங்க" என்கிறார். (நன்றாக வந்திருக்கிறது, இல்லையா? நான்கு முறை திருத்தினேன்.)

இரண்டு. வேறொரு அறை, வேறொரு ஞாயிறு. குழந்தை தலையைக் கொடுத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. அவள் சீப்பை எடுத்து

(முடியவில்லை. மன்னியுங்கள்.)

மூன்று. முடிவு உங்கள் கையில், வாசகரே. இந்த வித்தையை நான் பலமுறை காட்டியிருக்கிறேன், கைதட்டும் வாங்கியிருக்கிறேன். இந்தத் தடவை அதைச் செய்ய எனக்கு யோக்கியதை இல்லை. இதுவரை படித்தவர்கள், இன்னும் நேரம் இருக்கிறது, இவன் எழுதிக் கொடுத்துவிடுவான் என்று நினைத்திருப்பீர்கள். பதினொன்றாம் தேதி போன மாதமே போய்விட்டது. அன்று காலை நான் வீட்டில் உட்கார்ந்து நான்காம் பகுதியைத் திருத்திக்கொண்டிருந்தேன். சாட்சி உண்டா என்று கேட்டிருக்கிறார்கள். "வர்றேன்னு சொல்லியிருக்காருங்க, நல்ல மனுஷன்" என்று அவள் சொல்ல, மதியம் வரை அவளைக் காத்திருக்க வைத்தார்களாம். பிறகு, மறு உத்தரவு வரும்வரை சந்திப்பு கிடையாது என்று எழுதிவிட்டார்கள்.

நீங்களாக இருந்தால் எழுதிக் கொடுத்திருப்பீர்கள். அந்த முடிவை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள், என்னிடம் அது இல்லை.

அன்று சாயங்காலம் அவள் போன் செய்தாள். திட்டுவாள் என்று காத்திருந்தேன், திட்டவில்லை.

"சார், அந்த லெட்டர் இனிமே வேண்டாம். நீங்க சிரமப்படாதீங்க."

"சரிம்மா" என்றேன்.