முர்மன் கோபுரத்துச் சத்தம்

இதனால் உலகப் பொருளாதாரத்துக்கும், அதை நடத்துகிறவர்களுக்கும், நடத்துவதாக நினைத்துக்கொண்டிருக்கிறவர்களுக்கும் அறிவிப்பது யாதெனில்: லஹ்மேரி கிராமத்தில் இனி எவரும் பிட்காயின் தோண்டமாட்டார். ஊர்த்தலைவர் எர்மிலே முன்னிலையில், புனித ஜார்ஜியார் திருப்படத்தின் மேல் கைவைத்து, ஊர் ஆண்கள் அத்தனை பேரும் தங்கள் பெயராலும் இன்னும் பிறக்காத பேரன்கள் பெயராலும் சத்தியம் செய்துவிட்டார்கள். இதனால் உலகச் சந்தை ஆட்டம் காணும் என்று எர்மிலே எதிர்பார்த்தார். அன்று மாலை தலைநகர் திபிலிசி வானொலியில் உருளைக்கிழங்கு விலையைச் சொன்னார்கள்.

சத்தியத்துக்குக் காரணம் ஊர்ப்பற்று என்று எர்மிலே சொல்வார். அவர் எதற்கும் அதைத்தான் சொல்வார். உண்மையான காரணம் ஆண்ட்ரோவின் வயிற்றெரிச்சல்.

ஆண்ட்ரோ எனக்கு இடப்பக்கத்து வீடு, முர்மன் வலப்பக்கத்து வீடு. இரண்டு வீட்டிலும் பழைய காவல் கோபுரம் நிற்கிறது. அவர்களுடைய முன்னோர்கள் அந்தக் கோபுரங்களில் உட்கார்ந்து ஒருவரையொருவர் சுட்டுக்கொண்டவர்கள். நடுவீட்டுக்காரரான என் முன்னோர் வாழ்நாள் முழுக்கக் குனிந்தே நடந்ததாகக் கேள்வி.

முதலில் வாங்கியவன் முர்மன். செருப்புப் பெட்டியைவிடச் சற்றே நீளமான இரும்புப் பெட்டிகள். உள்ளே பலகை பலகையாகச் சில்லுகள், முன்னும் பின்னும் விசிறிகள். கரண்டைக் குடித்துவிட்டு இரவும் பகலும் ஏதோ கணக்குப் போடும். அந்தக் கணக்குக்குக் கூலியாகக் கண்ணுக்குத் தெரியாத காசு வந்து விழும். எங்கள் மலையில் கரண்டுக்குப் பணம் கட்டும் வழக்கம் இல்லை. எனவே எங்களை விட்டால் இந்தத் தொழிலுக்குத் தகுதியானவர்கள் பூமியில் கிடையாது என்று முர்மன் முடிவுகட்டி, பெட்டிகளைக் கோபுரத்தில் ஏற்றினான். கோபுரம் உறும ஆரம்பித்தது. அதன் உச்சியில் பனி நிற்கவில்லை. ஊரே வெள்ளையாக இருக்கும்போது முர்மன் கோபுரத்து ஓடுகள் மட்டும் கறுப்பாக ஈரம் சொட்டிக்கொண்டிருக்கும். அடுத்து வாசலில் ஒரு டெலிகா வேன் வந்து நின்றது.

ஆண்ட்ரோ காலையில் பல் துலக்கும்போது அந்தக் கறுப்பு ஓட்டைத்தான் பார்ப்பான். பல் துலக்குவது வரவர நீண்டுகொண்டே போயிற்று.

"உள்ள வாங்க, ஈறு தேஞ்சிரப் போகுது" என்பாள் அவன் மனைவி லமாரா.

"அவன் கோபுரத்துல பனியே நிக்கல பாத்தியா."

"நம்ம கோபுரத்துல கூரையே நிக்கல. அதப் பாருங்க முதல்ல."

ஆண்ட்ரோ இரண்டு காளைகளை விற்று, கீழே சுக்திதி நகரத்துக்குப் போய், ஜும்பெர் என்பவனிடம் பழைய பெட்டிகள் மூன்று வாங்கி வந்தான். ஜும்பெர் விற்பான், அவனே ரிப்பேரும் பார்ப்பான். அவனிடம் வாங்கிய பொருளுக்கு இரண்டாவது வேலை விரைவிலேயே வந்துவிடும். "ஒவ்வொண்ணா போடுங்கண்ணே. ஒண்ணு சூடாகி நிதானத்துக்கு வந்தப்புறம் அடுத்தது" என்று சொல்லித்தான் அனுப்பினான்.

தொழுவத்தில் காளைகள் நின்ற இடத்தில், பசுக்களுக்குப் பக்கத்திலேயே, ஆண்ட்ரோ பெட்டிகளை அடுக்கினான். கம்பத்திலிருந்து நேராகத் தடித்த வயர் இழுத்தான். அந்தப் பக்கம் முர்மன் கோபுரம் உறுமிக்கொண்டிருந்தது. அதைக் கேட்டுக்கொண்டே ஒவ்வொன்றாகப் போட எந்த மனிதனுக்குப் பொறுமை வரும்? மூன்றையும் சேர்த்துத் தட்டினான். தெருமுனையில் டிரான்ஸ்பார்மர் வெடித்தது.

ஊர் இருண்டது. இருள்வதற்கு முன் ஒரு நொடி எல்லா விளக்குகளும் கல்யாண வீடுபோலப் பளீரென்று எரிந்தன. அந்த ஒரு நொடியில் பத்துப் பதினைந்து டிவிகளும், எர்மிலே வீட்டுக் குளிர்பதனப் பெட்டியும் உயிரைவிட்டன. என் டிவியும்தான். ஆண்ட்ரோவின் மூன்றும் மட்டும், கம்பத்தில் கொக்கி நழுவி வயர் முன்பே விழுந்துவிட்டதால், தப்பின.

சில நாளில் கரண்ட் திரும்பியது. அப்போதுதான் ஆண்ட்ரோவுக்கு உண்மையான இடி விழுந்தது. முர்மன் கோபுரம் முன்பைவிட இரண்டு பங்கு சத்தமாக உறுமியது. உறுமல்கூட இல்லை, அலறல்.

"புதுசா வாங்கிட்டான்" என்றது ஊர். "அவன் ஏத்தின பாரத்துலதான் டிரான்ஸ்பார்மர் போச்சு."

முர்மன் மறுக்கவில்லை. மீசையைத் தடவிக்கொண்டு போனான். ஆண்ட்ரோவும் மறுக்கவில்லை. லமாராவிடம் மட்டும், "நம்ம பெட்டி அடுத்த மாசம்தான் வரப்போகுதுன்னு சொல்லு" என்று சொல்லிவைத்தான். அப்படியே ஒரு மாதம் கழித்து, புதிதாக வந்ததுபோல, ஊரறியப் பெட்டிகளை ஓடவிட்டான், இந்தத் தடவை ஒவ்வொன்றாக.

ஓடின. காசும் வந்தது. செல்போனில் அந்த எண் ஊர்ந்து ஊர்ந்து ஏறுவதைப் பார்க்க வேறொருவனாக இருந்தால் சந்தோஷப்பட்டிருப்பான். ஆண்ட்ரோ எண்ணைப் பார்ப்பான், பிறகு ஜன்னலைத் திறந்து காதைக் கொடுப்பான். தன் தொழுவத்திலிருந்து தேனீக்கூட்டம்போல ஒரு ரீங்காரம்; முர்மன் கோபுரத்திலிருந்து விமானம். இவ்வளவு சத்தத்துக்கு இவ்வளவு காசென்றால் அவ்வளவு சத்தத்துக்கு எவ்வளவு? ஜன்னலைச் சாத்துவான்.

நடுக்குளிர்காலத்தில் ஒரு பெட்டி படுத்தது. ஆண்ட்ரோ அதைப் போர்வையில் சுற்றிக் குழந்தையைப்போல மடியில் வைத்துக்கொண்டு சுக்திதிக்குப் போனான். துணைக்கு நானும் போனேன். ஜும்பெர் மூடியைக் கழற்றி மோந்து பார்த்தான்.

"அண்ணே, இதுக்குப் புல்லு போட்டீங்களா?"

"என்னடா?"

"உள்ள வைக்கோல் இருக்கு. சில்லுல பூரா பச்ச பூத்திருக்கு. மாட்டோட சேத்துக் கட்டினீங்களா?"

"தொழுவத்துல கதகதப்பா இருக்குமேன்னு வச்சேன்."

"கதகதப்பு மாட்டுக்கண்ணே. மாடு விடுற மூச்செல்லாம் இதுல தண்ணியா இறங்கியிருக்கு. இத ரிப்பேருக்கு இங்க கொண்டுவந்தது தப்பு, மாட்டு வைத்தியரு அடுத்த தெரு."

பழுதான சில்லுகளைச் சூட்டுக்காற்றால் கிளப்பி எடுத்து, வேறு சில்லு வைத்து ஒட்டினான். அதுவரை பெட்டிகள் சம்பாதித்ததில் ஒரு பெரும் பகுதியைக் கூலியாக வாங்கிக்கொண்டான். ஆண்ட்ரோ அதற்கு வருந்தியதாகத் தெரியவில்லை.

"எங்க ஊரு முர்மன் இங்க ரிப்பேருக்கு வருவானா?" என்று கேட்டான்.

"இந்தக் குளிர்காலம் பூரா ஆளையே காணோம்ணே."

திரும்பி மலை ஏறும்போது ஆண்ட்ரோ சொன்னான்: "பாத்தியா. அவன் பெட்டிக்கு ரிப்பேர்கூட வரல."

அதற்குள் ஊரில் இன்னும் நாலைந்து பேர் ரகசியமாகப் பெட்டி வாங்கிப் பரணில் ஒளித்திருந்தார்கள். கரண்ட் வருவதும் போவதுமாக இருந்தது. ரொட்டி பாதியில் நின்றது, துருக்கி டிவி தொடர் பாதியில் நின்றது. பெண்கள் எர்மிலே வீட்டு வாசலில் கூடினார்கள். அவர் கூட்டம் போட்டு, மனிதகுலமும் மின்சாரமும் என்று ஆரம்பித்தார். முடிப்பதற்குள் ஆண்ட்ரோ எழுந்துவிட்டான்.

"திருப்படத்துல சத்தியம் வைப்போம். யாரும் தோண்டக் கூடாது. ஒருத்தரும்."

ஆண்கள் தொப்பியைக் கழற்றினார்கள். எங்கள் ஊரில் அரசாங்கத்திடம் பொய் சொல்லலாம், பெண்டாட்டியிடம் சொல்லலாம். அந்தப் படத்திடம் சொன்னவன் வம்சம் விளங்காது. இதில் இரண்டாவது கருத்துக் கிடையாது. 'இது நானே முன்மொழிய இருந்தது' என்றார் எர்மிலே.

வீட்டில் லமாரா கேட்டாள்: "நம்ம பெட்டியும்தானே நிக்கும்?"

"நிக்கட்டும்."

"ரெண்டு காளைய வித்து வாங்குனது. நல்லா ஓடிக்கிட்டிருக்கு."

"நமக்கு மூணு நிக்கும். அவனுக்கு எத்தன நிக்கும்னு யோசிச்சுப் பாரு." பல மாதங்களுக்குப் பிறகு அன்றுதான் அவன் முகத்தில் சிரிப்பைப் பார்த்ததாக அவள் பிற்பாடு சொன்னாள்.

சத்தியத்தன்று ஒரு விசித்திரம் நடந்தது. பரணில் ஒளித்தவர்கள் பல்வலிக்காரர்கள்போல நின்றார்கள். முர்மனோ வரிசையில் முதல் ஆளாக, சவரம் செய்த முகத்தோடு வந்து, கணீரென்று சத்தியம் செய்துவிட்டு, படத்தை முத்தமிட்டுவிட்டு நகர்ந்தான். ஆண்ட்ரோவின் சிரிப்பு சற்றுக் கோணியது. அவனும் செய்தான்.

சத்தியம் முடிந்ததும் ஆண்ட்ரோ முதல் ஆளாகக் கோயிலிலிருந்து சரிவில் இறங்கி ஓடி, தன் மூன்றையும் நிறுத்தினான். பரண்களும் ஒவ்வொன்றாக அடங்கின. ஊரில் ஆற்றுச் சத்தம் கேட்டது. கூடவே முர்மன் கோபுரம் அலறிக்கொண்டிருந்தது.

முர்மன் நல்ல நாளுக்கான பூட்ஸ் போட்டிருந்ததால், அது பாழாகாமல் பனியில் மெதுவாக வந்துகொண்டிருந்தான். அவன் வருவதற்குள் ஆண்ட்ரோ எர்மிலேயையும் ஊரையும் கோபுர வாசலில் கொண்டுவந்து நிறுத்திவிட்டான்.

"கேளுங்க எல்லாரும். கைல மெழுகுவத்தி வாசம்கூடப் போகல. பொய்ச் சத்தியம்."

"முர்மன்," என்றார் எர்மிலே, கல்வெட்டுக் குரலில், "தலைமுறைகள் உன்னைப் பார்த்துக்கொண்டிருக்கின்றன."

"பாக்கட்டும் பெரியவரே. கொஞ்சம் வழி விடுங்க, அத நிறுத்தத்தான் வரேன்."

"அப்ப ஓடுதுன்னு ஒத்துக்கிறே" என்றான் ஆண்ட்ரோ.

முர்மன் கதவைத் திறந்துவிட்டான். உள்ளே நான்கு பெட்டிகள். இணைய வயர் சுருட்டி ஆணியில் மாட்டியிருந்தது. பெட்டிகளின் உள்ளே பலகைகள் கரிந்திருந்தன. விசிறிகள் மட்டும் வெறிபிடித்துச் சுற்றின.

"செத்துப்போச்சுய்யா. டிரான்ஸ்பார்மர் வெடிச்சதே, அன்னைக்கே. செத்த பெட்டிதான் ரொம்பக் கத்தும். சூடு எவ்வளவுன்னு அதுக்குத் தெரியாது, பயத்துல விசிறிய முழு வேகத்துல விட்டுரும்."

"பின்ன எதுக்கு ஓட விட்டே?" என்றது கூட்டம்.

"நிறுத்தினா என்ன சொல்லுவீங்க? முர்மன் முடிஞ்சான்னு சொல்லுவீங்க. ஓட்டுல பனி தெரியக் கூடாதுன்னு ராத்திரி ராத்திரி நானே ஏறித் தள்ளினேன். வண்டிக்குத் தவணையே போலந்துல இருக்கிற மச்சினன் அனுப்புற காசுலதான் போகுது." ஆண்ட்ரோ பக்கம் திரும்பினான். "அதுவுமில்லாம, தினம் காலையில நீ பிரஷ்ஷோட வந்து நின்னு என் கோபுரத்தப் பாப்பே பாரு. அது ஒண்ணுதான் எனக்கு வந்த லாபம். இன்னைக்கு ஊரோட ஊரா கௌரவமா நிறுத்திரலாம்னு வந்தேன், அதையும் கெடுத்துட்டே."

விசிறிகளை நிறுத்தினான். யாரும் சிரிக்கவில்லை. செத்த வீட்டில் சிரிக்க மாட்டோம்.

அன்றிரவு, சத்தியத்துக்கான ஊர் விருந்தில் எர்மிலேதான் தமதா, அதாவது வாழ்த்துரைக்கிற தலைவர். அவர் பேசி முடித்த பிறகே கோப்பையைத் தொட வேண்டும். ஆகவே எங்கள் ஊரில் குடிகாரர்கள் குறைவு. அவர் எழுந்து, செல்வமெல்லாம் கரியாகியும் கை நடுங்காமல் சத்தியம் செய்த முர்மனின் நேர்மையை வாழ்த்தினார். எல்லோரும் எழுந்து நின்று குடித்தோம். அடுத்த கோப்பை முர்மனின் பொறுமைக்கு. பெண்கள் கறி ரொட்டியில் பெரிய துண்டை அவன் தட்டில் வைத்தார்கள்.

ஆண்ட்ரோ என் விலாவில் இடித்தான்.

"செத்ததுக்கா இவ்வளவு வாழ்த்து? உயிரோட ஓடின மூணை நிறுத்தினவன் நான்."

"உன் தியாகம்தான் பெருசு. ரொட்டியத் தின்னு."

"குளிர்காலம் பூரா ஊர்லயே அதிகமா தோண்டினது நான்தான். எனக்கே தெரியல பாரு." அவன் குரலில் ஏக்கம் இருந்தது. இத்தனை மாதம் முதலிடத்தில் இருந்த அந்த ஆண்ட்ரோவைப் பார்த்து இந்த ஆண்ட்ரோவுக்குப் பொறாமையாக இருந்தது. "வாங்கின அன்னைக்கே நான் அவன ஜெயிச்சுட்டேன்."

"விடு."

"ஏன் விடணும்? நாலு பெட்டிய அவன் பறிகொடுத்தான்னு பேசறாங்க. பறிச்சது யாருன்னு ஒருத்தனும் பேசலியே."

லமாரா எதிர்ப்பக்கத்திலிருந்து கண்ணைக் காட்டினாள், தலையை ஆட்டினாள், கடைசியில் கரண்டியைக்கூட ஆட்டினாள். எர்மிலே முர்மனின் குலத்துக்கு மூன்றாவது கோப்பையைத் தூக்கியபோது ஆண்ட்ரோ எழுந்துவிட்டான்.

"போதும் பெரியவரே. அவன் பெட்டி தானா சாகல. நான்தான் கொன்னேன். அன்னைக்கு என் மூணையும் ஒரே தட்டுல போட்டேன், டிரான்ஸ்பார்மரே தாங்கல. ஒரே தட்டு."

பெருமையோடு சுற்றிலும் பார்த்தான். கோப்பைகள் ஒவ்வொன்றாக மேசைக்கு இறங்கின. லமாரா கண்ணை மூடிக்கொண்டாள்.

எர்மிலே மிக மெதுவாகக் கேட்டார், வாழ்நாளில் முதல்முறையாகச் சாதாரணக் குரலில்: "அப்ப என் பிரிட்ஜு?"

ஆண்ட்ரோ தன் மூன்று பெட்டிகளையும் ஜும்பெருக்கே விற்றான். என் புது டிவி நன்றாகத் தெரிகிறது.