நாலுகால் மரங்கள்

சாக்கை அவிழ்த்ததும் உள்ளிருந்து ஒரு சிறுத்தை முனாபைப் பார்த்துப் பல்லைக் காட்டியது. அந்தப் பல்லை வைத்ததே அவர்தான், பழைய மரம் அரிகிற வாளிலிருந்து வெட்டி. ஆகவே சிறுத்தையைப் பார்த்து அவருக்குப் பயம் வரவில்லை. பயம் வந்தது நிமிர்ந்து பார்த்தபோதுதான். கடுகண்ணாவை என்ற ஊரின் மலைச்சரிவில், இன்று காலை பத்து ஐம்பத்திரண்டு சுபநேரத்தில் திறக்கப்படவிருந்த புது ஹோட்டலின் புல்தரையில், அவர் செய்த இரும்பு மரை, அந்தப் பெரிய காட்டு மான், நாலு காலையும் ஊன்றிக் கழுத்துவரை கம்பீரமாக நின்றது. அதன் இரண்டு கொம்புகளும் பக்கத்தில் புல்லில் கிடந்தன. தலை கெலிஓயாவில், அவர் வீட்டில் இருந்தது.

"நானா, இது புலியில்லையா?" என்றான் ஹோட்டல் மனேஜர் சுதேஷ். முனாபை அவன் அண்ணன் முறையில் நானா என்றுதான் கூப்பிடுவான்.

"சிறுத்தை."

"மரைன்னுதானே ஓடர் குடுத்தோம்?"

"மரைதான். தலை மட்டும் மாறிட்டு."

சுதேஷ் காரியக்காரன். ஒரு கொம்பை எடுத்துச் சிறுத்தையின் காதுக்கு மேலே பிடித்துப் பார்த்தான். "பூட்டிருங்க நானா. வெள்ளக்காரன் ஃபோட்டோ எடுக்கத்தானே போறான். ரெண்டு மிருகம் பாத்த மாதிரியும் ஆச்சு."

முனாப் கொம்பை வாங்கிப் புல்லில் வைத்துவிட்டு போனை எடுத்தார். மணி எட்டரை.

இந்த இடத்தில், தலை ஏன் தனியாகப் பயணம் செய்கிறது என்று சொல்ல வேண்டும். கெலிஓயாவில் வீட்டுக் கேட்டுக்கும் கிறில்லுக்கும் முனாபின் வெல்டிங் பட்டறைதான். கல்யாணமான புதிதில், மீந்த தகட்டுத் துண்டுகளில் அவர் ஒரு காகம் செய்தார். காகம் எவ்வளவு அச்சாக வந்ததென்றால், ஊர்க் காகங்கள் மதிலில் கூடி அதை விசாரித்தன. மனைவி பாயிஸா சண்டை பிடிக்கவில்லை. சோற்றைப் போட்டுக்கொண்டே சொன்னாள்: "மூஞ்சி ஈக்கிற சாமான் கெடக்கிற ஊட்டுக்கு மலக்குமார் வர மாட்டாங்க. காக்கா வேணுமா, மலக்கு வேணுமா, நீங்களே யோசிங்க."

வானவர்கள் வராத வீட்டை முனாப் யோசித்துப் பார்த்தார். மார்க்கம் தெரிந்த ஒருவரிடம் போய்க் கேட்டார். தலையில்லாத உருவம் மரத்துக்குச் சமம் என்றார் அவர். மரம் செய்யத் தடையில்லை. அன்றிலிருந்து முனாபின் வீட்டு வளவில் மரங்கள் பெருகின. நாலுகால் மரங்கள், இறக்கை வைத்த மரங்கள், வாலைச் சுருட்டிக்கொண்டு பதுங்குகிற ஒரு மரம். தலைகளைத் தனியாக, கொம்புகளை அதற்கும் தனியாகச் செய்து, தலைகளைச் சாக்கில் கட்டி, கிணற்றுக்கு அந்தப் பக்கம் விறகுக் கொட்டிலில் வைத்தார். எல்லாத் தலைக்கும் ஒரே அளவு போல்ட். அப்போது அது புத்திசாலித்தனமாகத் தெரிந்தது. இருபத்தொரு வருடமாகப் பாயிஸா எருமையின் கழுத்தில் உடுப்புக் காயப் போட்டிருக்கிறாள், ஒரு மூஞ்சியையும் பார்த்ததில்லை.

முனாப் யாரிடமும் சொல்லாத ஒன்று உண்டு. அந்தக் காகத்துக்குப் பிறகு, தான் செய்த ஒரு மிருகத்தைக்கூட அவரும் முழுசாகப் பார்த்ததில்லை. வளவுக்குள் தலை பூட்டுவதில்லை என்பது பாயிஸாவுக்குக் கொடுத்த வாக்கு. வளவுக்கு வெளியே போக வேண்டுமென்றால் வாங்குவதற்கு ஆள் வேண்டும். வந்தவர்களெல்லாம் "மிச்சம் வடிவு நானா" என்று புகழ்ந்து எருமையைத் தட்டிக் கொடுத்துவிட்டு ஜன்னல் கிறில்லுக்கு அளவு கொடுத்துப் போனார்கள். முதலில் வந்த ஓடர் இந்த மரைதான். அதற்காக மூன்று தடவை ஹோட்டன் சமவெளிக்குப் போய்க் குளிரில் நின்றார். மரை அவரைப் பார்த்தது, அவர் மரையைப் பார்த்தார், இருவருக்கும் பேச ஒன்றுமில்லை. திரும்பி வந்து லொறி வில்லுத் தகட்டில் உடம்பு, சைக்கிள் செயினில் பிடரி, பேரிங் உருண்டையில் கண் என்று செய்தார். கண்ணுக்கு மட்டும் நாலு மாதம் பிடித்தது.

இன்று விடியற்காலை லொறிக்காரன் ஹோர்ன் அடித்த அவசரத்தில், கொட்டிலிலிருந்து சாக்கை எடுத்துக் கொடுத்தது பாயிஸா. பார்க்காமல் எடுத்தாள். எப்போதும் அப்படித்தான்.

"சாக்கு மாறிட்டு பாயிஸா. மரைத் தலைய எடுத்துட்டு பஸ்ஸில வா."

"இங்க இந்த அளவுல இன்னம் ரெண்டு சாக்கு ஈக்கி. எது?"

"அவுத்துப் பாரு."

"பாக்க ஏலா. தடவிப் பாத்துச் சொல்றேன்." சாக்கு உரசும் சத்தம். "காது பெரிசு. பலா எல மாதிரி."

"அதுதான்!"

"மத்ததுலயும் பலா எலதான் ஈக்கி."

"அது எருமை. மூக்கப் பாரு, எருமைக்கு அகலம்."

"ரெண்டும் அகலந்தான். நீங்க செஞ்சதுதானே, ஒரு வித்தியாசமாச் செய்ய ஏலாதா?"

இருபத்தொரு வருடத்தில் அவருடைய கலைக்குக் கிடைத்த முதல் விமர்சனம் அது. முனாப் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். "கண்ணுலதான் வித்தியாசம். மரைக்குக் கண்ணு பயந்த மாதிரி ஈக்கும். ஏலாட்டி வேணாம், உட்டுடு. நான் இவங்களுக்கு ஏதாச்சும் சொல்றேன்."

போனுக்குள் ஒரு காகம் மட்டும் கத்தியது.

"அவங்களுக்கு வாக்குக் குடுத்தா குடுத்ததுதானே," என்றாள் பாயிஸா. சணல் கயிறு அவிழும் சத்தம் கேட்டது. பிறகு லைன் கட்.

பத்து மணிக்கு ஹோட்டல் முதலாளி கஜலட்சுமி அம்மா பட்டுச் சேலையில் வந்து இறங்கினார். மரையை ஒரு சுற்றுச் சுற்றினார். "என்னா முனாப் இது? நல்ல காரியத்துல முண்டமா நிக்குது!"

"தலை பஸ்ஸில வந்துட்டு ஈக்கி அம்மா."

கண்டியில் நாற்பது வருடம் புடவைக்கடை நடத்தியவர், கேட்காத சாக்குப்போக்கு இல்லை. இது புதிது என்பதாலோ என்னவோ அவகாசம் கொடுத்தார். "பத்து அம்பது வரைக்கும் பாப்பேன். வரலைன்னா இதத் தூக்கிக்கிட்டுப் போயிருங்க. பெறகு இந்தப் பக்கமே வரவேணாம்."

பத்து நாற்பத்தொன்றுக்குப் பாயிஸா, கறுப்பு அபாயாவில் புல்தரை ஏறி வந்தாள். சாக்கு இடுப்பில் இருந்தது, பிள்ளையைத் தூக்குகிற மாதிரி.

"பேராதனையில பஸ் மாறக்குள்ள கொண்டக்டர் சாக்குல என்னண்டு கேட்டான். தலைண்டு சொன்னேன். இங்க வாரவரைக்கும் பக்கத்துல ஒருத்தரும் இரிக்க வரல்ல."

முனாப் சிரிக்கவில்லை. தலையைக் கழுத்தில் வைத்து போல்ட்டை இறுக்கினார், கொம்புகளைப் பூட்டினார், பத்தடி பின்னால் வந்தார். மரை மலைச்சரிவைப் பார்த்துக்கொண்டு நின்றது. என்ன செய்வதென்று தெரியாமல் அவர் ஸ்பேனரைச் சட்டைப் பைக்குள் போடப் பார்த்தார். அது உள்ளே போகவில்லை.

"நீங்க சொன்னது பிழை," என்றாள் பாயிஸா, பக்கத்தில் வந்து நின்று.

"என்ன பிழை?"

"பயந்த மாதிரி இல்ல அது. யாரோ பேர் சொல்லிக் கூப்பிட்ட மாதிரி ஈக்கி."

முனாப் மறுபடி பார்த்தார். நாலு மாதமும் அவர் என்ன செய்தார் என்பது அவருக்கு அப்போதுதான் தெரிந்தது. பின்னால் நாதஸ்வர ரெக்கோர்ட் தொடங்கியது. கஜலட்சுமி அம்மா ரிப்பனை விட்டுவிட்டு மரையின் மூக்கைத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருக்க, சுதேஷ் கத்தரிக்கோலும் கையுமாக நேரத்தைச் சொல்லிக் கத்திக்கொண்டிருந்தான்.

திரும்புகிற பஸ்ஸில் சிறுத்தைச் சாக்கு பாயிஸாவின் மடியில் இருந்தது. முனாப் சாக்கு வாயைக் கட்டுவதற்குக் கயிற்றை நீட்டினார். அவள் வாங்கவில்லை.

"ஊட்டுக்குப் போனா வெறகுக் கொட்டில்தான்," என்றாள்.

"சரி."

"இது பஸ்ஸு."

கடுகண்ணாவை வளைவில் பஸ் சாய்ந்தது. சாக்கு நழுவி, உள்ளிருந்த முகம் ஜன்னல் பக்கம் திரும்பி, வெயிலில் பல்லைக் காட்டியது. பாயிஸா அதைத் திருப்பவில்லை. பக்கத்து இருக்கைக்காரர் எழுந்து பின்னால் போனார்.