திரைச்சீலைக்கு அந்தப் பக்கத்துப் போன்

நிகாஹ் வீட்டில் ஆளுக்கொரு கவலை. சோறு வைக்கும் சகன் தட்டுகள் போதுமா என்பது உம்மாவின் கவலை. மணப்பெண் ஜஸ்லாவுக்கோ, கேளுங்கள் பிள்ளைகளே, ஸ்கூட்டர் கவலை.

பல்லேபொலயிலிருந்து மாத்தளைக் கடைகளுக்கு அவள் கேக் கொண்டுபோவது அந்த ஸ்கூட்டரில்தான். கல்யாணத்துக்குப் பிறகு அதுவும் தன்னோடு வரலாமா என்று மாப்பிள்ளை றினோஸிடம் கேட்டிருந்தாள். "எனக்கு ஓகே. வாப்பாட்ட கேட்டுச் சொல்றன்" என்றான். அன்றைக்குப் பெய்த மழையில் போன் டவர் படுத்தது. பதிலும் சேர்ந்து படுத்தது. றினோஸின் வாப்பா மிளகு வியாபாரி ஸக்கரியா. அவர் பல்லைக் கண்டவர்கள் ஊரில் குறைவு.

இப்போது மாப்பிள்ளைக் கூட்டம் திரைச்சீலைக்கு அந்தப் பக்கம் வந்து உட்கார்ந்தாயிற்று. இன்னும் கொஞ்சத்தில் ஜஸ்லாவின் வாப்பா வந்து சம்மதம் கேட்பார்.

"பதில் தெரியாம எப்படிடி நான் சம்மதம் சொல்ற?" என்றாள் ஜஸ்லா.

இரத்தோட்டையிலிருந்து பஸ் பிடித்து வந்த தோழி துஷாந்தினி தலையில் அடித்துக்கொண்டாள். "டவர் எதுக்குடி? புளூடூத்தப் போடு. பக்கத்துல இருக்கிற போனெல்லாம் 'நான் இங்க இருக்கேன், இங்க இருக்கேன்'னு கூவிக்கிட்டே இருக்கும். நம்ம போனுக்கு அது கேட்கும். நேரா அதுக்கே அனுப்பலாம், நடுவுல ஒருத்தரும் வேணாம்."

"திரைச்சீலை இருக்கே?"

"சுவரையே தாண்டும், சீலை என்ன சீலை!"

தேடினார்கள். போனில் பெயர்கள் ஒவ்வொன்றாய் எட்டிப் பார்த்தன. பேர் வைக்காத ஒரு போன், கம்பனி எண்ணோடு. 'புரியாணி நானா'. அப்புறம், அல்ஹம்துலில்லாஹ், 'றினோஸ்'!

ஸ்கூட்டர் படத்தின் மேல் ஜஸ்லா எழுதினாள்: 'இதுவும் வரலாமா? உங்கட வீட்டுச் சிங்கம் என்ன சொல்லிச்சு?'

அனுப்பினாள். அந்தப் பக்கம் ஏற்றுக்கொண்டது. இருவரும் கையைக் கோத்துக்கொண்டு குதித்தார்கள்.

"றினோஸ்!" திரைச்சீலையே ஆடும்படி ஸக்கரியாவின் குரல். "என்ட போனுக்கு ஒரு ஸ்கூட்டர் வந்திருக்கு. ஆர்டா சிங்கம்?"

பிறகு றினோஸின் குரல், நனைந்த பூனை மாதிரி: "வாப்பா, அது என்ட பழைய போன். உங்களுக்குத் தரக்குள்ள பேரை மாத்த மறந்துட்டன்."

ஜஸ்லா முகத்தைத் தலையணையில் புதைத்தாள். கல்யாணமே போயிற்று என்றுதான் நினைத்தாள். அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது. முதலில் இருமல் போல, பிறகு லொறி ஸ்டார்ட் ஆவது போல. ஸக்கரியா சிரிக்கிறார்!

"மகள்! சிங்கம் கேக்குது. உங்கட ஸ்கூட்டர்ல பின் சீட் இருக்கா?"

"இருக்கு மாமா!" யோசிக்குமுன் வாய் சொல்லிவிட்டது.

"அப்ப வரட்டும். வெள்ளிக்கிழமைத் தொழுகைக்கு என்னப் பள்ளிக்குக் கொண்டுபோய் விடணும். இவன்ட பைக்ல ஏறினா உயிரக் கையில பிடிச்சுக் கலிமா சொல்லிச் சொல்லித்தான் நான் போற."

போன் கிணுகிணுத்தது. இந்த முறை கம்பனி எண்காரன். அதுதான் றினோஸின் புதுப் போன். ஜஸ்லா ஏற்றுக்கொண்டாள். வந்தது ஒரு படம்: இரண்டு கதிரைகள், ஒன்றின் பின் ஒன்று. முன் கதிரையில் உட்கார்ந்து மாப்பிள்ளை, இல்லாத ஹாண்டிலைப் பிடித்தபடி. பின்னால் ஸக்கரியா, மகனின் தோளை இறுக்கிக் கண்ணை மூடியபடி.

சாட்சிகளோடு உள்ளே வந்த ஜஸ்லாவின் வாப்பா, முக்காடு குலுங்குவதைக் கண்டு கலங்கிப்போனார். "அழுறீங்களா மகள்? விருப்பமில்லாட்டி இப்பவே சொல்லுங்க."

"சம்மதம் வாப்பா," சிரிப்பில் வயிற்றைப் பிடித்துக்கொண்டாள் ஜஸ்லா. "கெதியா நிகாஹ முடிங்க. சிங்கத்துக்கு ஹெல்மட் வாங்கணும்."