கரண்டி அளவுப் பேச்சு

ஜெனிலா குவைத்துக்குப் போன இருபத்தோராம் நாள் காலையில், பக்கத்து வீட்டு ஓமனாவின் பசு கறந்த பால், அடுப்பில் கொதி வரும் நேரத்தில் ஜெனிலாவின் குரலில் பேசியது. பெரிதாக ஒன்றும் சொல்லவில்லை. பன்னிரண்டாம் கட்டிலுக்கு டிரிப் முடிந்துவிட்டது என்றும், கால் வலிக்கிறது என்றும் சொல்லிவிட்டு, கடைசியில் "பெபி" என்று ஒருதரம் கூப்பிட்டது. பொங்கி வழிவதற்குள் ஆன்ஸ்லின் அடுப்பை அணைத்தான். பால் அடங்கியது, பேச்சும் அடங்கியது. அன்றைக்கு அஞ்சுகிராமத்தில் ஏத்தன் வாழைக்குலை விலை இறங்கியிருந்ததால் ஊர் முதலில் அதைத்தான் பேசியது. பால் பேசியதற்கு மத்தியானத்துக்குமேல்தான் வந்தார்கள்.

ஆன்ஸ்லின், ஜெனிலாவின் வீட்டுக்காரன். மயிலாடியிலிருந்து அஞ்சுகிராமம் போகிற சாலையோரத்தில் ஏத்தன் வாழை போட்டிருந்தான். ஜெனிலா நர்ஸ். குவைத்து ஆஸ்பத்திரி வேலைக்கு ஆறு வருடமாகப் பரீட்சை எழுதிக்கொண்டிருந்தாள். விசாவும் பிள்ளையும் ஒரே வருடத்தில் வந்து சேர்ந்தன. இரண்டையும் ஜெபம் பண்ணிக் கேட்டவள் அவளே என்பதால் யாரையும் குறை சொல்ல வழியில்லாமல் போயிற்று. இந்த விசாவை விட்டால் இன்னொன்று வராது. மகள் பெபிஷாவுக்கு ஐந்து மாதம் திகைந்த அன்று அவள் விமானம் ஏறினாள். முதல் பிறந்தநாளுக்கு ஒரு மாதம் லீவு தருவதாக எழுதி வாங்கியிருந்தாள். இரு வீட்டிலும் கையொழிந்த பெண்கள் யாருமில்லை. ஆக, பால்பொடி டின், கழுவின புட்டி, குழந்தை, மூன்றும் ஆன்ஸ்லின் கைக்கு வந்தன.

போவதற்குப் பத்து நாள் முன்பே ஜெனிலா பிள்ளையை டின் பாலுக்குப் பழக்கினாள். தன் பாலை வற்றவைக்க வேண்டியிருந்தது. ஆன்ஸ்லின் தோவாளைக்குப் போய் மல்லிகைப்பூ வாங்கி வந்தான்; மாரில் வைத்துக் கட்டினால் பால் வற்றும் என்பார்கள். பூ வாடியதே தவிர பால் வற்றவில்லை. கட்டிப்போய்க் காய்ச்சல் வந்தது, பீய்ச்சித்தான் எடுக்க வேண்டும் என்றாயிற்று. தாய்ப்பாலைக் கண்ட இடத்தில் கொட்டுவது இந்தப் பக்கத்தில் வழக்கமில்லை. ஓடையில் விடக்கூடாது, கால் மிதிக்கிற தரையில் ஊற்றக்கூடாது, பச்சையாக ஏதாவது நிற்கிற மூட்டில், வேர்ப்பக்கம், ஊற்ற வேண்டும். வீட்டின் பின்னால் ஒரு பாத்தி தீவனப்புல் நின்றது. ஜெனிலா காலையும் மாலையும் அதன் மூட்டில் ஊற்றினாள். அவள் ஊற்றும்போது அழுதாளா என்று கேட்டால், அழுதாள். ஓமனா வேலிக்கு அப்புறம் நின்று பார்த்திருக்கிறாள். புல் பதினைந்து நாளில் ஆள் உயரம் வந்தது. ஓமனா அதை அறுத்துத் தன் செவலைப் பசுவுக்குப் போட்டு, பதிலுக்கு வேளைக்கு அரை லிட்டர் பால் தருவது பழைய ஏற்பாடு. ஆன்ஸ்லின் அந்தப் பாலில் சாயா போடுவான். இப்படியாகத்தான் பால் பேச நேர்ந்தது.

ஊர் வாயை மூட உலைமூடி இல்லை என்பதால் சேதி பரவியது. போதகர் வந்து ஒரு கொதி முழுவதையும் கேட்டார், ஜெபித்தார், குவைத்தில் வெயில் எப்படி என்று விசாரித்துவிட்டுப் போனார். ஓமனாவின் வீட்டுக்காரர் வைகுண்டராஜன், தான் கும்பிடும் அய்யா நினைத்தால் எதுவும் நடக்கும் என்று நெற்றியில் நாமம் இட்டுக்கொண்டார். பால் சொசைட்டியில் அளந்து பார்த்துக் கொழுப்பு சரியாக இருக்கிறது என்றார்கள். பேச்சை அளக்க அவர்களிடம் கருவி இல்லை. பக்கத்துச் சிற்பப் பட்டறைகளில் கல் கொத்தும் சத்தம் தொடங்கிவிட்டால் சரியாகக் கேட்காது, அதனால் ஆன்ஸ்லின் அடுக்களை ஜன்னலைச் சாத்திவிட்டுத்தான் பாலை அடுப்பில் வைத்தான். காலைப் பாலில் ஜெனிலா இரவு டியூட்டியில் தனக்குள் முணுமுணுப்பது வந்தது. மாலைப் பாலில் அவளுடைய மத்தியானம் வந்தது. வீடியோவில் கூப்பிடும்போது நன்றாக இருக்கிறேன் என்பாள். பால் அப்படிச் சொன்னதே இல்லை.

பெபிஷா இருபது நாளாகப் புட்டியைக் கடித்துத் துப்பிக்கொண்டிருந்த பிள்ளை. பால் பேசினதும் தலையைத் திருப்பியது, சிரித்தது, அடுப்பைப் பார்த்துக் கையை நீட்டியது. ஓமனாவுக்குப் பொறுக்கவில்லை. "இது நம்ம ஜெனிலாவுக்க பாலுதான் மக்கா. புல்லு வழியாச் சுத்தி வந்திருக்கு, அவ்வளவுதான். ஒரு தம்ளர் ஆத்திக் குடு. நாங்க எல்லாம் மூணு மாசத்துலயே பசும்பால் குடிச்சு வளந்தவியதானே?" என்றாள். ஆன்ஸ்லினும் தம்ளரை எடுத்துவிட்டான். அந்த நேரம் பார்த்துத் தடுப்பூசிப் பதிவேட்டோடு வந்து ஸ்கூட்டரை நிறுத்தினார் கிராம நர்ஸ் நேசபாய். முழுக் கதையையும் கேட்டார், பாலையும் கேட்டார். அவர் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை.

"பேசட்டும், பாட்டுகூடப் படிக்கட்டும், எனக்கு அதுல ஒண்ணுமில்ல. ஆனா ஒரு வயசு திகையாம பசும்பாலக் குடிக்கக் குடுக்கப்பிடாது. ஆறு மாசம் ஆனா கூழுல நாலு கரண்டி ஊத்திக் காய்ச்சிக் குடு, சாப்பாட்டோட போட்டும். குடிக்கதுக்கு டின் பாலுதான். தம்ளர எடுத்து உள்ள வையி" என்றார்.

ஆறு மாதத்துக்கு இன்னும் ஒன்பது நாள் இருந்தது. கைக்கெட்டியது வாய்க்கெட்டவில்லை என்பது அந்த ஒன்பது நாளும் பெபிஷாவின் வீட்டில் வெறும் பழமொழியாக இருக்கவில்லை. பத்தாம் நாள் ஆன்ஸ்லின் ஏத்தங்காய் உலர்த்திப் பொடித்த மாவைக் கரைத்து, நாலு கரண்டி பால் ஊற்றிக் கூழ் காய்ச்சினான். பிள்ளை வாயைத் திறந்தது. ஆனால் கூழில் பேச்சு தங்குகிற விதம் வேறாக இருந்தது. ஒரு கரண்டியில் ஒரு சொல்தான் நின்றது. ஜெனிலா அங்கே நாலாம் மாடி லிஃப்ட் கெட்டுப்போனதைப் பற்றிப் புலம்பினால் இங்கே பிள்ளைக்கு "லிஃப்ட்" கிடைத்தது. ஒரு நாள் "டிரிப்", ஒரு நாள் "பெட்ஷீட்". அவள் பெபி என்று சொல்லும் நாளில் யார் கரண்டிக்கு அது வருமோ தெரியாது. இரண்டு தடவை அது சட்டியைச் சுரண்டின ஆன்ஸ்லினுக்கே வந்துவிட்டது. அவன் வாயை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் அப்படியே நின்றான். பெண்டாட்டி ஞாபகம் வந்தால் அவனும் மனுஷன்தானே.

எட்டாம் மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆன்ஸ்லின் ஆராதனை முடிந்து வந்து ஜெனிலாவை வீடியோவில் கூப்பிட்டபோது, பெபிஷா போனைப் பார்த்தாள், பின்னால் திருப்பிப் பார்த்தாள், ஒன்றும் இல்லை என்று கண்டு ஓமனாவின் கோழியைப் பார்க்கத் தவழ்ந்து போய்விட்டாள். ஜெனிலா, "அவளுக்கு என்னத் தெரியல" என்றாள். போனை வைத்துவிட்டாள். அன்று மாலைப் பாலிலும் அதே மூன்று சொல்தான் வந்தது, கொதி அடங்கும்வரை திரும்பத் திரும்ப. லீவுக்கு வரும்போது பிள்ளை தன்னை வேற்றாளாகப் பார்த்துவிடும் என்ற பயம் அவளுக்கு. அவளைவிட ஆன்ஸ்லினுக்கு அதிகம். ஒரு சொல் இரண்டு சொல்லை வைத்துப் பிள்ளை எப்படித் தாயை அறியும்? முழுப் பேச்சும் உள்ளே போனால்தானே? மறுநாள் காலை நேசபாய்க்குத் தெரியாமல் அவன் தம்ளரை எடுத்தான்.

பிள்ளைக்கு ஒரே கொண்டாட்டம். காலை ஒரு தம்ளர், மாலை ஒரு தம்ளர், முழு வாக்கியங்களாகக் குடித்தாள். கூழையும் சோற்றையும் கையால் தட்டிவிட்டாள். தூங்கும்போது அவள் வயிற்றுக்குள்ளிருந்து ஜெனிலாவின் குரல் மெல்லக் கேட்டது, ஆன்ஸ்லின் பக்கத்தில் படுத்து அதைக் கேட்டுக்கொண்டிருப்பான். அவன் கேட்டதெல்லாம் சரி, பார்க்க வேண்டியதைப் பார்க்கவில்லை. பிள்ளை தவழ்வதைக் குறைத்தது. உதடு வெளுத்தது. உள்ளங்கை அரைத்த அரிசிமாவு நிறத்துக்கு வந்தது. இருபத்து நாலாம் நாள் எடை பார்க்க வந்த நேசபாய் கீழிமையை இழுத்துப் பார்த்தார், பிறகு குனிந்து வயிற்றில் காது வைத்தார். உள்ளே யாரோ பெட்ஷீட் மாற்றச் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

"எத்தன நாளாக் குடுக்க?"

"இருவத்தி நாலு, அக்கா. அவளுக்க பாலுன்னு நெனச்சு..."

"லேய், இது ஜெனிலாவுக்க பாலு இல்ல. ஜெனிலாவுக்க பேச்சு உள்ள மாட்டுப் பாலு. பேச்சு நல்லதுதான். பாலு இப்பம் இவளுக்கு ஆகாது. இதுல ரத்தம் ஊறச் சத்து இல்ல, வயித்தயும் ரொப்பிப்போடும், உள்ள சத்தயும் ஒட்டவிடாது. பிள்ளை ஒண்ணு போனா எந்தப் பேச்ச வச்சிட்டு என்ன செய்யப் போற?"

சுகாதார நிலையத்தில் பரிசோதித்தபோது ரத்த அளவு ஏழு புள்ளி நாலுதான் இருந்தது. இரும்புச்சத்துச் சொட்டு மருந்து கொடுத்தார்கள், தினம் முருங்கைக்கீரை மசித்துக் கொடுக்கச் சொன்னார்கள், முட்டை மஞ்சக்கருவும் ஈரலும் எழுதினார்கள். ஆன்ஸ்லின் அன்று தோட்டத்தில் வேலை செய்யவில்லை. பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு வாழைக்கு நடுவே நின்று ஜெனிலாவைக் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொன்னான், பால் பேசுவது முதல். அதுவரை அவளிடம் அதைச் சொல்லவில்லை. அவளுக்குத் தெரியாமல் அவள் பேச்சைக் கேட்பது அவனுக்கு வேண்டியிருந்தது. அவள் திட்டுவாள் என்று காத்திருந்தான்.

"அதுல நான் என்ன பேசுகேன்?" என்று கேட்டாள்.

"கால் வலிக்குன்னு சொல்லுவ. மத்தியானம் சாப்பிடலன்னு சொல்லுவ. பெபிக்க பேரச் சொல்லுவ."

"உங்களுக்க பேர?"

"அதும் உண்டு."

பிறகு அவள், "நேசபாய் அக்கா சொன்னதக் கேளுங்க. நானும் நர்ஸ்தானே, எனக்குத் தெரியாதா? தம்ளர் வேண்டாம். நீங்க கூழுலயே ஊத்துங்க, நான் சின்னதாப் பேசுகேன்" என்றாள்.

அதன்பிறகு நடந்ததை அவளோடு வேலை பார்க்கும் மலையாளி நர்சுகள் இன்றும் சொல்கிறார்கள். இங்கே ஓமனா மாலைப் பாலை அடுப்புக்குக் கொடுத்துவிடும் நாலு மணி, அங்கே மத்தியானம் ஒன்றரை. அந்த நேரம் ஜெனிலா விரிப்புகள் அடுக்கியிருக்கும் அறைக்குள் போய்க் கதவைச் சாத்துவாள். நாலே சொல் சொல்வாள், ஒவ்வொன்றையும் தனியாக, இடைவெளி விட்டு, ஒரு கரண்டிக்குள் நிற்கிற அளவில். பெபி. அம்மா. தின்னு. வருகேன். சாப்பிட உட்காராத நாளிலும் இதைத் தவறவிட்டதில்லை. மற்ற நேரமெல்லாம் உதட்டைக் கடித்துக்கொண்டு வேலை செய்தாள், வேண்டாத சொல் எதுவும் பிள்ளை வாய்க்குப் போய்விடக்கூடாதே என்று. கால் வலியைப் பற்றிப் பால் பேசுவது அடியோடு நின்றது. ஆன்ஸ்லினுக்கு அதில் கொஞ்சம் வருத்தம்தான். பிள்ளைக்கு ரத்தம் ஏறியது, உதடு சிவந்தது, கோழியைத் துரத்த ஆரம்பித்தது. ஒரு கரண்டி, ஒரு சொல், ஒரு விழுங்கு என்று நாலு மாதம் போயிற்று.

பிறந்தநாளுக்கு மூன்று நாள் இருக்கும்போது ஜெனிலா வந்து இறங்கினாள். பெட்டி நிறைய உடுப்பும் பொம்மையும் இருந்தன. வாசலில் ஓமனாவும் வைகுண்டராஜனும் நின்றார்கள், நேசபாயும் அந்தப் பக்கமாக வந்தவர்போல் நின்றார். ஆன்ஸ்லின் தோளிலிருந்த பெபிஷா, கண்ணுக்குக் கீழே கருத்துப்போன இந்தப் பெண்ணை ஒருமுறை பார்த்துவிட்டு அப்பனின் கழுத்தில் முகத்தைப் புதைத்து வீரிட்டாள். பொம்மையைக் காட்டினார்கள், இன்னும் வீரிட்டாள். ஜெனிலா நீட்டின கையைக் கீழே இறக்கிக்கொண்டாள். கடைசியில் நாலு மாதமாக வாய் பழகிப்போன அளவில், "பெபி" என்றாள்.

பிள்ளை அழுகையை நிறுத்தித் திரும்பியது. அவளைப் பார்த்து வாயைத் திறந்தது.

ஜெனிலாவின் கையில் கரண்டி இல்லை. "அம்மா" என்றாள். பிள்ளை விழுங்கிவிட்டு மறுபடி திறந்தது. "தின்னு" என்றாள். திறந்தது. நாலாவது சொல்லுக்குப் பதில் அவள் மறுபடி கையை நீட்டினாள். ஓமனா உள்ளே ஓடிக் கூழ்ச் சட்டியைக் கொண்டுவந்து அவள் கையில் கொடுத்தாள். அன்று பெபிஷா இரண்டு சட்டி தின்றாள், நேசபாய் அதையும் பதிவேட்டில் எழுதிக்கொண்டார்.

ஜெனிலா இருந்த முப்பது நாளும் பால் பேசவில்லை. பசுவுக்குச் சீக்கு என்று நினைத்து ஓமனா டாக்டரைக் கூட்டி வந்தாள். சும்மா இருக்கிற மாட்டுக்கு என்ன வைத்தியம் என்று அவர் போய்விட்டார். முப்பத்தோராம் நாள் திருவனந்தபுரத்தில் ஏற்றிவிட்டு வந்தார்கள். மறுநாள் மாலை பால் கொதி வரும் நேரத்தில் பேசியது. நேசபாய் பதிவேட்டைப் புரட்டி வயதைச் சரிபார்த்தார்.

"இனி தம்ளர்ல குடுக்கலாம். ஆனா ஒரு நாளைக்கு ரெண்டு தம்ளருக்கு மேல வேண்டாம், சோறு எறங்காது."

ஆன்ஸ்லின் இதைப் போனில் சொன்னான். அன்றிலிருந்து ஜெனிலா விரிப்பு அறையில் நின்று நீளமாகப் பேசுகிறாள்: கால் வலி, பன்னிரண்டாம் கட்டில், அடுத்த லீவு எந்த மாதம், ஏட்டி பெபி கோழியத் துரத்தாத, எல்லாம். பிள்ளை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு குடிக்கிறது. பேச்சு நடுவே தம்ளர் தீர்ந்துபோனால், அதைக் கவிழ்த்து உள்ளே ஒருதரம் பார்க்கும். மிச்சத்தை ஜெனிலா நாளைக்குச் சொல்கிறாள்.