ரோசா மூடாத கேட்

லில்லிடேல் போகும் ரயிலில் சனிக்கிழமை காலையில் கார்டு பெட்டிக்குள் இரண்டு சைக்கிள்கள் சாய்ந்து நின்றால், அவை யாருடையவை என்று அந்தத் தடத்துக் கார்டுகளுக்குத் தெரியும். 1976இல் மெல்பர்னில் சைக்கிளும் கையுமாக அலைகிற தமிழர்கள் விக்னராஜாவையும் சேஷாத்ரியையும் விட்டால் வேறு யாருமில்லை. விக்னராஜா சாவகச்சேரிக்காரன், குடிநீர்க் குழாய் பதிக்கும் அலுவலகமொன்றில் வரைபடம் போடுகிறவன். சேஷாத்ரி திருச்சிக்காரன், பெயின்ட் தொழிற்சாலையில் கெமிஸ்ட். இருவருக்கும் முப்பத்தைந்தை ஒட்டிய வயது. கிளென் வேவர்லியில் இரண்டு தெரு தள்ளித் தள்ளி வீடு.

முதலில் தார்ச் சாலையில்தான் ஓட்டினார்கள். ஒருநாள் ஓடும் காரிலிருந்து யாரோ வீசிய பியர் டின் சேஷாத்ரியின் தோளைப் பதம் பார்த்தது. கூடவே ஒரு வசவும் வந்து விழுந்தது.

"இனிமே மண் ரோடுதான் ராஜா. கல்லும் புழுதியும் நம்மள எந்த ஊர்னு கேக்காது" என்றான் சேஷாத்ரி, தோளைத் தேய்த்துக்கொண்டே.

அப்படித்தான் யாரா ஆற்றுப் பள்ளத்தாக்கின் சரளைச் சாலைகள் அவர்களுக்குப் பழகின. குன்றேறி, குன்றிறங்கி, ஆற்றைத் தாண்டி, மறுபடி குன்று. அங்கே ஒரு சரிவு முழுக்கத் திராட்சை பயிரிட்டிருந்தார் ஆஞ்செலோ. தெற்கு இத்தாலியிலிருந்து வந்தவர். தன் ஊர்க் குன்றுகளும் இதே மாதிரிதான், வெயிலும் கல்லும் கொடியும் என்பார். தோட்டத்தின் நடுவே ஆற்றை நோக்கி இறங்கும் சரளைப் பாதையில் போய்வர இருவருக்கும் அனுமதி தந்திருந்தார். அறுவடைக் காலத்தில் டிராக்டர் ஓயாமல் போய்வரும் என்பதால் பாதையின் அடியில் இருந்த இரும்புக் குழாய்க் கேட் எப்போதும் திறந்தே கிடக்கும். இரண்டு மாதமாகச் சனிக்கிழமைதோறும் அந்தச் சரிவில் பிரேக்கைத் தொடாமல் இறங்குவதுதான் சேஷாத்ரிக்கு வாரத்தின் உச்சம்.

ஏப்ரல் மாதத்தின் இரண்டாவது சனிக்கிழமை, மாலை ஐந்து மணி இருக்கும். குன்றின் உச்சியில் சேஷாத்ரியின் பின் டயர் காற்றிறங்கி நின்றது.

"நீங்க முன்னாடி போங்கோ. நான் காத்தடிச்சுட்டு வர்றேன்."

"கெதியா வாரும். ஆறு மணி ரெயினை விட்டா ஒரு மணித்தியாலம் நிக்க வேணும்" என்று சொல்லிவிட்டு விக்னராஜா இறங்கினான்.

கேட் திறந்திருந்தது. அதைத் தாண்டியதும் ஆற்றோரப் புல்வெளியிலிருந்து மூன்று மாடுகள் தோட்டத்தை நோக்கி வருவதைக் கண்டான். கீழ் வரிசைகளில் இன்னும் பறிக்காத குலைகள் தொங்கின. ஆஞ்செலோ நம்பி வழி விட்டிருக்கிறாரே என்று நினைத்தான். சைக்கிளைப் படுக்கப் போட்டுவிட்டுக் கேட்டை இழுத்துச் சாத்தினான். சங்கிலியை இரண்டு சுற்றுச் சுற்றிக் கொக்கியில் மாட்டினான். மாடுகள் கேட்டருகே வந்து, கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுத் திரும்பிப் போயின.

சேஷாத்ரி வருவதற்குள் திறந்துவிடலாம் என்றுதான் இருந்தான். டயருக்குக் காற்றடிக்கப் பத்து நிமிடமாவது பிடிக்கும். கண்ணெல்லாம் புழுதி. முப்பது அடி தள்ளி ஆறு. குனிந்து முகத்தில் தண்ணீர் அடித்துக்கொண்டிருந்தபோது, மேலே சரளைக் கல் சிதறும் சத்தம் கேட்டது.

"சேஷாத்ரி! நில்லும்!" என்று கத்திக்கொண்டே ஓடினான்.

மேற்கே பார்த்த சரிவு அது. தாழ்ந்து நின்ற வெயில் இறங்குகிறவனின் கண்ணுக்கு நேரே இருந்தது. சாம்பல் நிறக் குழாய்களும் கம்பிவலையும் அந்த வெளிச்சத்தில் தெரிந்திருக்காது. கடைசி நொடியில்தான் பிரேக் அலறியது.

விக்னராஜா போய்ச் சேர்ந்தபோது சேஷாத்ரி கேட்டைத் தாண்டி ஆற்றுப் பக்கம் கிடந்தான். கழுத்து இருந்த விதத்தைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. ஆனாலும் பெயரைச் சொல்லிச் சொல்லிக் கூப்பிட்டான். கொடி வரிசைகளுக்குள்ளிருந்து ஆஞ்செலோவின் மனைவி ரோசா ஓடிவந்தாள். ஐம்பது வயதுக்காரி. இடுப்பில் கட்டியிருந்த துணியை அவிழ்த்து சேஷாத்ரியின் முகத்தருகே விரித்தாள். மூடலாமா கூடாதா என்று தெரியாமல் அப்படியே மண்டியிட்டு நின்றாள்.

போலீஸ்காரர் வந்து நோட்டைத் திறந்தார். "நீங்கள் வந்தபோது கேட் எப்படி இருந்தது?"

"திறந்திருந்தது" என்றான் விக்னராஜா.

அது உண்மை. அடுத்த வார்த்தையும் வாயருகே வந்துவிட்டது. அதற்குள் ரோசா உடைந்த ஆங்கிலத்தில் கத்திக்கொண்டு நெஞ்சில் அடித்துக்கொண்டாள்.

"நான்தான்! நான்தான் மூடியிருப்பேன். மாடுகளை ஓட்ட வந்தேன். எப்போதும் நான்தானே மூடுவேன்!"

அறுவடை இல்லாத மாதங்களில் ஒரு நாளைக்குப் பத்துத் தடவை அந்தக் கேட்டை இழுத்துச் சாத்திய கை அவளுடையது. அன்று சாத்தினாளா இல்லையா என்று அவளால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. ஆஞ்செலோ கேட்டையே பார்த்துக்கொண்டு நின்றார். போலீஸ்காரர் எழுதிக்கொண்டார். விக்னராஜாவின் வாய் மூடிக்கொண்டது.

மறுநாள் காலை குசினியில் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்த மனைவி கிரிஜாவிடம் எல்லாவற்றையும் சொன்னான். அவள் தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தாள்.

"வேணுமெண்டு செய்தனீங்களே? இல்லைத்தானே. அந்த மனிசி தானெண்டு சொல்லுது. விசாரிச்சு, ஓம், விபத்துதான் எண்டு விட்டிடுவினம். நீங்கள் ஏன் போய்க் கழுத்தை நீட்ட வேணும்? எங்களை இந்த நாட்டில விட்டதே பெரிய காரியம்."

"பத்மாவுக்கு என்னத்தைச் சொல்லுறது?"

"ஒண்டும் சொல்லாதேங்கோ. அவளுக்கு இருக்கிற துன்பமே காணும்."

சேஷாத்ரியின் மனைவி பத்மா தகனத்தன்று அழவில்லை. எல்லாம் முடிந்து காரில் ஏறும்போதுதான் விக்னராஜாவின் பக்கம் திரும்பினாள்.

"அண்ணா, கடைசியா அவர் என்ன சொன்னார்?"

"காத்தடிச்சுப் போட்டு வாறன் எண்டார்."

"அவ்வளவுதானா?"

"ஓம்."

ஜூன் மாதம் மரண விசாரணை நடந்தது. கறுப்பு உடையில் வந்திருந்த ரோசா பாதியாக இளைத்திருந்தாள். மொழிபெயர்ப்பாளர் மூலம் திரும்பத் திரும்ப ஒன்றையே சொன்னாள்: கேட்டை மூடியது தான். விக்னராஜா கூண்டில் ஏறியதும், தான் வந்தபோது கேட் திறந்திருந்தது என்றான். அதற்கடுத்த கேள்வியை யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன் என்று பிற்பாடு தனக்குத்தானே பலமுறை சொல்லிப் பார்த்தான். அவனாலேயே அதை நம்ப முடியவில்லை. விபத்து, யார்மீதும் குற்றமில்லை என்று அரைமணி நேரத்தில் முடிந்தது.

பத்மாவின் மனதில் அது முடியவில்லை. ஜூலையில் ஒருநாள் விக்னராஜா அவள் வீட்டுக்குக் காய்கறி வாங்கிக்கொண்டு போனான். பத்மா கொதித்துக்கொண்டிருந்தாள்.

"அந்தப் பொம்பளை வந்திருந்தா, அண்ணா. புருஷனக் கூட்டிண்டு வந்து, அந்த வாசல்லயே, ஈரத்துல மண்டி போட்டுண்டு கையைக் கூப்பறா. நான் என்ன பண்ணினேன் தெரியுமா? கதவைச் சாத்திட்டேன். ஜன்னல் வழியாப் பாத்தேன். அரைமணி நேரம் எழுந்திருக்கவே இல்லை. கிடக்கட்டும்னு விட்டுட்டேன். நன்னாக் கிடக்கட்டும்."

விக்னராஜா காய்கறிப் பையை மேசையில் வைத்தான். "போயிட்டு வாறன்" என்று மட்டும் சொல்லிவிட்டு வெளியே வந்துவிட்டான்.

அடுத்த சனிக்கிழமை தனியாக லில்லிடேலில் இறங்கினான். மழை தூறிக்கொண்டிருந்தது. சரளைச் சாலை சேறாகி டயரைப் பிடித்து இழுத்தது. பாதி ஏற்றங்களில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டுதான் நடக்க வேண்டியிருந்தது. இலையுதிர்ந்த கொடிகள் கறுத்து நின்றன. வீட்டுக் கதவைத் திறந்த ஆஞ்செலோ அவனைப் பார்த்ததும் விலகி வழி விட்டார்.

ரோசா அடுப்பருகே கதிரையில் உட்கார்ந்திருந்தாள். விக்னராஜா நின்றபடியே சொன்னான். மாடுகளையும், பறிக்காத குலைகளையும், கேட்டைச் சாத்தியதையும், ஆற்றுக்குப் போனதையும் ஒன்றுவிடாமல் சொன்னான். ஆஞ்செலோ ஒவ்வொரு வாக்கியமாக இத்தாலிய மொழியில் சொல்லிக்கொண்டு வந்தார். ரோசா கேட்டுக்கொண்டே இருந்தாள். பிறகு எழுந்து வந்து அவன் ஈரக் கையைப் பிடித்துக்கொண்டு ஏதோ சொன்னாள்.

"நீ நல்லவன் என்கிறாள்" என்றார் ஆஞ்செலோ. "அவள் மனம் ஆறட்டும் என்று நீ பொய் சொல்கிறாயாம். மூடியது தான்தானாம். இரும்பின் குளிர் இன்னும் கையில் இருக்கிறதாம்."

"இல்லை. நான்தான். சத்தியமாக நான்தான்!"

ரோசா தலையை ஆட்டினாள். அவன் கையைத் தட்டிக் கொடுத்துவிட்டுத் திரும்பவும் போய் உட்கார்ந்துகொண்டாள்.

ஆஞ்செலோ அவனை வெளியே அழைத்து வந்து கதவைப் பின்னால் சாத்தினார்.

"எனக்கு அன்றைக்கே தெரியும்" என்றார் அரைகுறை ஆங்கிலத்தில். "சங்கிலி இரண்டு சுற்று சுற்றியிருந்தது. இருபது வருடமாக ரோசா கேட் மூடுவதைப் பார்க்கிறேன். சும்மா கொக்கியில் மாட்டுவாள், அவ்வளவுதான். சங்கிலியைச் சுற்றியதே இல்லை."

விக்னராஜா அவர் பக்கம் திரும்பினான். "பிறகு ஏன் நீங்கள் சொல்லவில்லை?"

"அவளிடம் சொன்னேன். நம்பவில்லை. பெண்டாட்டியைக் காப்பாற்றப் புருஷன் சொல்கிறான் என்றாள். போலீஸிடம் சொன்னால் அவர்களும் அதைத்தான் சொல்வார்கள். கோர்ட்டில் நீ சொல்வாய் என்று காத்திருந்தேன். உன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். அன்றைக்குச் சொல்லியிருந்தால் நம்பியிருப்பாள். மூன்று மாதமாக மனதுக்குள் மூடி மூடி, இப்போது உண்மையிலேயே மூடிவிட்டாள்." அவர் குரல் உயரவில்லை. "அவள் சாப்பிடுவதில்லை. டாக்டர் பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்திருக்கிறார். நீ போ. இந்தப் பக்கம் இனி வராதே."

அவன் ஸ்டேஷனுக்குப் போய்ச் சேர்ந்ததும், நனைந்த உடையோடு ரயிலேறி நேரே பத்மா வீட்டுக்குப் போனதும் ஒரே ஓட்டமாக நடந்தது. நின்றால் கால் திரும்பிவிடும் என்ற பயம். கதவைத் திறந்த பத்மாவிடம், உள்ளே போகாமல் வாசலில் நின்றே சொன்னான்.

பத்மா கத்துவாள், அடிப்பாள் என்று எதிர்பார்த்தான். அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு மெல்லத் தரையில் உட்கார்ந்தாள்.

"மாடு போயிடும்னு மூடினேள். சரி. அது யாருக்கும் நடக்கும். அவரே மூடியிருப்பார்." நிமிர்ந்து பார்த்தாள். "கோர்ட்ல ஏன் சொல்லலை?"

அவன் ரோசா மண்டியிட்ட வாசற்படியைப் பார்த்தான்.

"நான் அந்தம்மாவை மழையில மண்டி போட வெச்சேன். தெரிஞ்சுண்டேதானே அன்னிக்குக் காய்கறிப் பையோட நின்னேள்?"

"பத்மா..."

"அவா வீட்டுக்கு எப்படிப் போறதுன்னு எழுதிக் கொடுங்கோ. நீங்க வர வேண்டாம்."

அவன் எழுதிக் கொடுத்தான். வரைபடம் போட்டுப் பழகிய கைக்குக் கோடு நேராக வரவில்லை. பத்மா தாளை வாங்கிக்கொண்டாள். அதன்பிறகு அவனை அண்ணா என்று கூப்பிடவில்லை.

விசாரணை அதிகாரிக்கு அவன் நீண்ட கடிதம் எழுதினான். தகவல் கோப்பில் சேர்க்கப்பட்டது, முடிவில் மாற்றமில்லை என்று இரண்டு வரியில் பதில் வந்தது. பத்மா ஆகஸ்டு முழுக்க வாரத்துக்கு இரண்டு நாள், ரோசா சேர்க்கப்பட்டிருந்த ஆஸ்பத்திரிக்குப் போய்வந்தாள் என்று கிரிஜா மூலம் தெரிந்தது. ரோசாவுக்குப் பத்மா யாரென்றே சில நாள் தெரியவில்லையாம். தெரிந்த நாட்களில் கை கூப்பினாளாம். இவளும் பதிலுக்குக் கை கூப்பிவிட்டு, ஸ்பூனால் சூப் ஊட்டிவிட்டு வருவாளாம்.

செப்டம்பரில் பத்மா திருச்சிக்குத் திரும்பினாள். விமான நிலையத்துக்குக் கிரிஜாவை மட்டும் வரச் சொல்லியிருந்தாள். திரும்பி வந்த கிரிஜா, செருப்பைக் கழற்றாமலே கதிரையில் உட்கார்ந்தாள்.

"ஏதும் சொன்னவளே?" என்று கேட்டான் விக்னராஜா.

"உங்களைப் பற்றியோ? இல்லை." கிரிஜா அவன் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள். "அந்த மனிசியைப் போய்ப் பார்க்கச் சொல்லி என்னட்டக் கேட்டவள். செவ்வாயும் வெள்ளியும். நான் ஓமெண்டு சொல்லிப் போட்டன்."